நான் போடாத குளோரின் மாத்திரைகள்

என் கொழுந்தன் மனைவி நர்ஸ். மாரியூரில் எங்கள் வீடும் அவள் வீடும் அடுத்தடுத்து. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் தெருவே அவள் வாசலில்தான் போய் நிற்கும். மாமியார் இருந்தது என்னோடு. ஆக்கிப் போட்டதும் துவைத்துப் போட்டதும் நான். வருகிறவர்களிடம் அவர் பெருமையாகச் சொன்னதெல்லாம் சின்னவளைப் பற்றி.

மழைக்குப் பிறகு அடுத்த தெருவில் இரண்டு பேருக்கு வாந்திபேதி. அவள் குளோரின் மாத்திரைகளைக் கொண்டுவந்தாள்.

"குடிதண்ணி டிரம்முல போடுங்கக்கா. அரை மணி நேரம் கழிச்சுக் குடிங்க."

"அவ சொல்றபடி செய்யி" என்றார் மாமியார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் போடவில்லை.

நான்காம் நாள் காலையில் மாமியாருக்கு அரிசி கழுவின தண்ணீராகப் போகத் தொடங்கியது. மதியத்துக்குள் கண்கள் குழிவிழுந்து, குரலும் அடங்கிவிட்டது.

"சின்னவளக் கூப்பிடு" என்று முனகினார்.

அவள் வந்து வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். மடிப்பு அப்படியே நின்றது. "ஒடம்புல தண்ணியே இல்லக்கா" என்றாள். உடனே ஆட்டோவில் ஏற்றினோம். வழிநெடுக ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளிலும் டிரிப் ஏற்றினார்கள்.

"காலரா மாதிரி இருக்கு. கிருமி தண்ணி வழியா குடலுக்குள்ள போயி உடம்புத் தண்ணிய வெளிய தள்ளுது. போனத வேகமாத் திருப்பி ஏத்திட்டா பொழச்சுக்குவாங்க. மாத்திரையெல்லாம் அதுக்கப்புறந்தான்" என்றார் டாக்டர்.

சாயங்காலம் மாமியார் கண் திறந்து, சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிழைத்துவிட்டார் என்ற நிம்மதியைவிட, அது என் கையாக இல்லையே என்பதுதான் எனக்குள் முதலில் எழுந்தது.

வராந்தாவில் அவள் கேட்டாள்: "டிரம்முல மாத்திரை போட்டீகளாக்கா?"

"போட்டேன்."

மறுநாள் சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கு வந்து தண்ணீரைச் சோதித்தார். குளோரினே இல்லை என்றார். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்.

"நான் குடுத்தது பத்தாமப் போயிருக்கும் சார்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதிலும் அவளே உயர்ந்து நின்றது பொறுக்கவில்லை.

காலராதான் என்று சோதனை முடிவு வந்த அன்று மாமியார் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நான் சொல்லிவிட்டேன்.

"அத்தே, அவ குடுத்த மாத்திரைய நான் வேணும்னுதான் போடல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அவ மேல ஒனக்கு அம்புட்டுப் பொறாமையா?" என்றார்.

"ஆமா."

ஊர் திரும்பியதும் அவர் தன் பெட்டியைச் சின்னவள் வீட்டில் இறக்கச் சொன்னார். அங்கே இருவரும் பேசிச் சிரிப்பது என் அடுப்படி வரைக்கும் கேட்கிறது.