அழித்த தடம்

பெண் பிள்ளை சத்தமாகப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட எனக்கு முதன்முதலாகக் கிடைத்த பொறுப்பே கத்துவதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அந்த வருடம் ஊரில் பெண்களுக்கான தொழில்முறை டென்னிஸ் போட்டி நடந்தது. டி.வி.யில் காட்டுகிற பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ளது. ஆனாலும் வெளிநாட்டுக்காரிகள் வந்திருந்தார்கள். கோட்டு நடுவர் வேலைக்கு ஆள் போதவில்லை என்று கல்லூரியில் கேட்டபோது நான் கை தூக்கினேன்.

பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் கையை நீட்டி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி "அவுட்" என்று கத்த வேண்டும். உள்ளே விழுந்தால் சத்தமே கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தரையைப் பார்க்கத் தாழ்த்திக் காட்ட வேண்டும். பயிற்சியில் நான் கத்தியதும் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்துவிட்டதாகத் தோழிகள் கேலி செய்தார்கள்.

ஆடுகளம் மண் தரை. மேலே தூவ, எங்கள் திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணை லாரியில் கொண்டுவந்து சலித்துப் போட்டிருந்தார்கள். செக்கச்செவேலென்று பார்க்க அழகுதான். ஆனால் பொடிமண் என்பதால் விழுகிற ஒவ்வொரு பந்தும் தடம் பதித்துவிட்டுப் போனது. ஆட்டம் போகப்போகப் பழைய தடமும் புதிய தடமும் கலந்து கிடந்தன. மண் தரையில் சந்தேகம் வந்தால் தடத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பார்கள். பந்து விழுந்த பக்கத்து ஆட்டக்காரி தானே அதைக் காலால் அழித்துவிட்டால், நல்ல பந்துதான் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதற்குமேல் பேச்சில்லை.

இரட்டையர் பிரிவில் நம் ஜோடி ஒன்று இறுதி ஆட்டம்வரை வந்தது. ஒருத்தி பாளையங்கோட்டைக்காரி, வயதில் மூத்தவள். இன்னொருத்தி மெட்ராஸ் பெண். மூத்தவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் அதுவரை பார்த்த விளையாட்டுகளில் எல்லாம் ஆளுக்கு ஆள் முந்தப் பார்ப்பார்கள். இவர்கள் அப்படியில்லை. ஒருத்தி முன்னால் பாய்ந்தால் அவள் விட்ட இடத்தில் மற்றவள் போய் நிற்பாள்; திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். எதிரே ஆடிய வெளிநாட்டு ஜோடி ரகசியம் பேசும்போது பந்தால் வாயை மறைத்துக்கொள்ளும். நம் ஜோடிக்கு அது தேவைப்படவில்லை.

"ஏட்டி, நெட்டச்சிக்கு எடப்பக்கம் வரல. அங்கனயே போடு. நான் நடுவுல பாயுதேன்."

"சரிக்கா."

எல்லாம் உரக்கத்தான். கூட்டம் சிரிக்கும். கோட்டு நடுவர் சிரிக்கக்கூடாது என்பதால் நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த ஆட்டத்தில் தோற்றால் அக்காவுக்கு என்ன போகும் என்பது எனக்குத் தெரியும். காலையில் மரத்தடியில் மட்டைப் பிடிக்கு நாடா சுற்றிக்கொண்டே சொல்லியிருந்தாள். ஜெயித்தால் கிடைக்கிற தரவரிசைப் புள்ளிகளை வைத்து இருவரும் ஜோடியாக வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகலாம். தோற்றால், வீட்டில் தயாராக இருக்கிற அரசு வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் ஆபீசில் சேர வேண்டும். அப்பாவிடம் அப்படி ஒப்புக்கொண்டுதான் ஆட வந்திருக்கிறாள்.

கடைசி செட்டும் இழுபறியாகப் போய், எதிர் ஜோடி ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும் என்ற இடத்துக்கு வந்தது. அவர்களில் உயரமானவள், அந்த நெட்டச்சி, அடித்த பந்து என் பக்கக் கோட்டை ஒட்டி வந்தது. அக்கா ஓடிவந்தாள், மட்டையைக் கொடுக்க நேரமில்லை. பந்து அவள் காலடியில் விழுந்து போனது. கோட்டின் விளிம்பைத் தொட்டுத்தான் விழுந்தது. நான் உள்ளங்கைகளைத் தாழ்த்தினேன்.

கூட்டம் மொத்தமும் "அவுட்" என்றது. முன் வரிசையிலிருந்த ஒரு அண்ணாச்சி எழுந்தே விட்டார்.

"ஏ தொப்பிக்காரப் பிள்ள, கண்ண முழிச்சுக்கிட்டே தூங்குதியா? நம்மூரு சோறுதானே திங்க?"

மெட்ராஸ் பெண் ஓடிவந்து, கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளியிருந்த தடத்தைக் காட்டினாள். பொய் சொல்லவில்லை; அதுதான் என்று உண்மையிலேயே நம்பினாள். பக்கத்திலேயே கோட்டைத் தொட்டபடி இன்னொரு தடம். நாற்காலியிலிருந்து இறங்கி வந்த தலைமை நடுவர் இரண்டையும் குனிந்து பார்த்தார். எது என்று என்னிடம் கேட்டார். கோட்டைத் தொட்ட தடத்தைக் காட்டினேன். அவர் அப்போதும் நிமிராமல் வெளித் தடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் மனம் எந்தப் பக்கம் போகிறது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

அக்கா பைய நடந்து வந்தாள். ஜோடிக்காரியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஷூவின் முனையால் கோட்டைத் தொட்ட தடத்தைத் தேய்த்து அழித்தாள்.

ஆட்டம் முடிந்தது. மெட்ராஸ் பெண் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தாள். அப்புறம் அக்காவின் இடுப்பில் கையைப் போட்டுக்கொண்டு, கைகொடுக்க வலைக்கு நடந்தாள். அண்ணாச்சி மட்டும் என்னை விடுவதாக இல்லை. திரும்பி வரும்போது அக்காதான் நின்று சொன்னாள்.

"அந்தப் பிள்ளய ஏசாதிய அண்ணாச்சி. பந்து உள்ளதான் விழுந்துச்சு. எங்காலுகிட்டல்லா விழுந்துச்சு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு குழாயடியில் இருவரும் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அருகே போய் நின்றேன். மெட்ராஸ் பெண்தான் பேசினாள். "நானா இருந்தா சாயங்காலம் வரைக்கும் சண்ட போட்டிருப்பேன். அதுக்குத்தான் இவங்க முந்திக்கிட்டாங்க."

அக்கா சிரித்தாள். அழுதுவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பது கண்ணில் தெரிந்தது. "ஒங்க ஊரு மண்ணு போவ மாட்டேங்கு பிள்ள" என்று ஷூவைக் காட்டினாள்.

சொன்னபடியே வேலையில் சேர்ந்தாள். சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், ஜங்ஷனிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். நான் பின் படிக்கட்டுப் பக்கம் நெருக்கத்தில் மாட்டியிருந்தேன். அவள் முன்னால், பக்கவாட்டில் போட்டிருந்த பெண்கள் இருக்கையில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். புதிதாய்க் கஞ்சி போட்ட சேலை. அதற்குக் கீழே அதே ஷூ, ஓரமெல்லாம் சிவப்பு. சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக மைதானத்துக்குப் போகிறாள் என்று புரிந்தது.

கூப்பிட்டால் கேட்காத தூரம். என்னைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தாழ்த்திக் காட்டினாள். நான் கம்பியை விட்டுவிட்டு அதையே திருப்பிச் செய்தேன். பஸ் குலுங்கியதில் கண்டக்டர் மேல் போய் விழுந்தேன்.

"எறங்கணும்னா வாயத் தொறந்து சொல்லும்மா" என்றார் அவர்.