இங்கே ஓய்ந்த மோதல், அங்கே ஓயாத மலை

சேலத்திலிருந்து பரமத்தி வேலூருக்கு நேராகப் போனால் காரில் ஒன்றரை மணி நேரம். போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நான் அதற்கு ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வழியில் பாறைகளைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், போய்ச் சேரப் பயமாக இருந்தது.

என் தம்பி யூசுப் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் பதினைந்து வருடம் ஆழ்துளைக் கிணற்று போர் போட்டவன். பிறகு கூடுதல் சம்பளத்துக்காக இமயமலையில் மின்திட்டத்துக்குச் சுரங்கப்பாதை குடையும் ஒரு ஒப்பந்ததாரரிடம் ஃபோர்மேனாகப் போனான். அதற்கு முந்தைய ஜூலையில் சுரங்கம் சரிந்து இறந்தான். ‘இயற்கைச் சீற்றம்’ என்று ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். உடன் இருந்து உயிர் பிழைத்தவர் முருகேசன், பரமத்தி வேலூர்க்காரர். யூசுப்பின் அடக்கத்துக்கு அவர் வரவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. டிசம்பர் கடைசியில் அவரே அழைத்து, “நேர்ல வாங்கக்கா, போன்ல சொல்ல முடியாது” என்றார்.

நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். புவித்தட்டுகள் பற்றிய பாடத்தை வருடா வருடம் எடுப்பவள். தட்டுகள் சில இடங்களில் விலகும், சில இடங்களில் ஒன்றையொன்று உரசி நகரும், சில இடங்களில் மோதும். மோதும்போது ஒன்று அடியில் போகும், அல்லது இரண்டும் நசுங்கி மலையாக எழும். இந்தியத் தட்டு இப்போதும் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே போய் முட்டிக்கொண்டிருப்பதால்தான் இமயம் இன்னும் உயர்கிறது. அதே மாதிரி ஒரு பழைய மோதல்கோடு நம் சேலம், நாமக்கல் வழியாகவே ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. சுமார் ஐம்பத்தைந்து கோடி வருடங்களுக்கு முன், நடுவில் இருந்த கடல் மூடிப்போய், இரண்டு நிலத்துண்டுகள் இங்கே ஒட்டிக்கொண்டன என்கிறார்கள். காலக்கணக்கில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு.

காலை 6.10க்கு அம்மாபேட்டையிலிருந்து கிளம்பினோம். வாடகை காருக்கு 3,200 ரூபாய், ஓட்டுநர் பேட்டா 400, சுங்கம் தனி. ஓட்டுநர் செந்தில், சேந்தமங்கலத்துக்காரர். முதலில் ஊருக்கு வடக்கே வெள்ளைக்கல் மலை. சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள், சாலையோரமே போதும். கறுப்புப் பாறைக்குள் வெள்ளை நரம்பு நரம்பாக மேக்னசைட். அந்தக் கறுப்புப் பாறை பூமியின் மேலோட்டுக்கு அடியிலிருந்து மேலே வந்தது. சிறுவயதில் யூசுப்பும் நானும் இந்த வெள்ளைக்கல்லை உடைத்துச் சிலேட்டில் கிறுக்கியிருக்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

நாமக்கல்லில் 8.20க்கு இட்லி. செந்தில் மூன்று தட்டு சாப்பிட்டார், நான் காபியோடு நிறுத்திக்கொண்டேன். பரமத்தி வழியாகச் சித்தம்பூண்டி போய்ச் சேர 9.50. வெயில் ஏறிவிட்டது. வயல் வரப்புக்கு அப்பால் வெளிறிய பாறை, அதில் கரும்புள்ளிகள். நிலவில் இருக்கும் பாறை வகை இதுதான் என்பதால், நிலவுக் கலத்தைச் சோதிக்க இங்கிருந்து பாறை எடுத்துப் பொடித்துக்கொண்டு போனார்கள். கையை வைத்தேன். எத்தனையோ கோடி வருடம் அழுந்தி, வெந்து, இறுகிப்போன கல்.

“ஏனுங்க டீச்சர், இதைப் பாக்கவா இத்தன தூரம் வந்தீங்க?” என்றார் செந்தில். “எங்க காட்டுலயும் இப்படித்தானுங்க. போர் போட்டா டிரில் பிட்டுதான் தேயும், கல்லு அசையாது.”

தம்பியும் அப்படித்தான் சொல்வான். நான் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் செந்திலே வந்து, “வெயிலாகுதுங்க, போலாங்களா?” என்றார்.

12.10க்கு முருகேசன் வீடு. வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் நடுவே ஓட்டு வீடு. நாற்பது வயதுக்காரர், இடது காலில் தகடு வைத்திருக்கிறார்கள், கம்பை ஊன்றி எழுந்தார். “வாங்கக்கா. உள்ள வாங்க. ஊட்டுல யாருமில்ல, வேணும்னுதான் அனுப்பி வெச்சேன்.”

தண்ணீர் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே ஆரம்பித்தார்.

“நாங்க சுரங்கத்து முகப்புல, கொடையற எடத்துல, மூணு பேரு. யூசுப் பாய், நானு, பீகார்க்காரரு ஒருத்தரு, ரமேஷ்னு. காலைலயே டிரில் ஓட்டையில சேத்துத் தண்ணி வந்துது. தூளு வரல, மாவு பெசஞ்சாப்புல வந்துது. ரமேஷு பயந்துட்டாரு. வெளிய போயிரலாம்னு ரெண்டு வாட்டி சொன்னாரு.”

“யூசுப் என்ன சொன்னான்?”

அவர் கம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பாய் சுத்தியல எடுத்துத் தட்டிப் பாத்தாருங்க. நம்மூர்ல பாப்பமே, அப்படி. கணீர்னு கேட்டுது. கல்லு நல்லாருக்குது, நிக்கும், இன்னும் ஒரு டிரில் ராடு எறக்கலாம்னாரு. எங்கிட்டயும் கேட்டாரு. நானும் நிக்கும்னுதான் சொன்னேன்.” கம்பைத் தரையில் ஒருமுறை தட்டினார். “தட்டுனது ஒத்தக் கல்லுக்கா. அதுக்குப் பின்னாடி பூராப் பொடி. நான் ஹோஸைப் புடிக்கப் பின்னால வந்தேன், கால் மட்டும் மாட்டுச்சு. அவங்க ரெண்டு பேரும் முன்னாலயே நின்னுட்டாங்க.”

அந்த மலை இன்னும் நசுங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே பாறை என்று நாம் நினைப்பது பல இடங்களில் அரைபட்ட மாவு. இமயம் இளம் மடிப்பு மலை என்று கரும்பலகையில் நான் எழுதாத வருடம் இல்லை. ஒரு முறைகூட அதை என் தம்பியை உட்கார வைத்துச் சொன்னதில்லை. அவன் கையில் இருந்தது இந்த ஊர்ப் பாறையின் அனுபவம். அதை நம்பி இன்னொருவரையும் நிறுத்திக்கொண்டான். ஆறு மாதமாக ஒப்பந்ததாரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள்மேல் கோபம் இப்போதும் போகவில்லை. பாறையை ஆராய ஒரு ஆளைக்கூட அங்கே வைக்கவில்லையாம். ஆனாலும் ரமேஷ் இரண்டு முறை ‘போகலாம்’ என்று கேட்டது என் தம்பியிடம்தான்.

“உங்கம்மா முகத்தப் பாத்து இதைச் சொல்லத் தெரியலக்கா. அதான் வரல” என்றார் முருகேசன்.

“ரமேஷ் வீட்டுக்குத் தெரியுமா?”

“அவரு சம்சாரம் மாசா மாசம் போன் பண்ணுது. எனக்கு இந்தி சரியா வராது. தெரியாதுன்னே சொல்லிட்டிருக்கேன்.”

அந்தப் பெண்ணின் போன் எண்ணை வாங்கி அங்கிருந்தே அழைத்தேன். என் இந்தி அரைகுறை. நான் யார் என்று சொன்னேன், நடந்ததை மூன்று நான்கு வாக்கியத்தில் சொன்னேன், என் தம்பி சொன்னதால்தான் உங்கள் கணவர் நின்றார் என்பதையும் சொன்னேன். முருகேசன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் ஒன்று மட்டும் கேட்டார்: வெளியே போகலாம் என்று அவர் சொன்னாரா? சொன்னார், இரண்டு முறை என்றேன். பின்னால் ஒரு குழந்தை எதற்கோ சிரித்தது. “அவருக்குத் தெரிந்திருக்கிறது” என்றார். அப்புறம், இனிமேல் இந்த எண்ணுக்கு அழைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

முருகேசன் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. திரும்பும் வழி முழுக்கச் செந்தில் பாட்டுப் போடவில்லை. 4.40க்கு வீடு.

போக நினைப்பவர்களுக்கு: மொத்தம் 170 கிலோமீட்டர் ஓடியது. டிசம்பர், ஜனவரி நல்லது, மார்ச்சுக்கு மேல் பாறைமேல் நிற்க முடியாது. சித்தம்பூண்டியில் பார்க்கும் இடமெல்லாம் யாரோ ஒருவருடைய விவசாயக் காடு, கேட்டுவிட்டு இறங்குங்கள், கல்லை உடைத்து எடுக்காதீர்கள். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். பேருந்தில் என்றால் நாமக்கல்லிலிருந்து பரமத்திக்கு அடிக்கடி உண்டு, அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது ரிக் வேலைக்கு வடக்கே போவதாக இருந்தால், அந்த மலை நம் மலை மாதிரி இல்லை என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

நான் எழுதும் இந்தப் பயணப் பக்கத்தை அம்மா படிப்பதில்லை. முருகேசன் என்ன சொன்னார் என்று தினமும் கேட்கிறார். இன்று ஊருக்கெல்லாம் எழுதிவிட்டேன். இனி பக்கத்து அறைக்கு, அம்மாவிடம் போக வேண்டும்.