பட்டினி போட்ட பன்றிக்குச் சாமி பழம்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நான் மழுப்புவதில்லை. பன்றி பார்க்கிற வேலை. செமினி பக்கம், மருத்துவ ஆராய்ச்சிக்குப் பன்றி வளர்த்துக் கொடுக்கும் பண்ணையில் தீனி போட்டு, குளிப்பாட்டி, ஆள் தொட்டால் மிரளாதபடி பழக்கிவிடுவேன். கிள்ளானில் சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். என் வீட்டுக்காரர் நெஞ்சுக்குள், அடைப்புக்கு வைத்த ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. அதை முதலில் எந்த நெஞ்சில் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று அவர்களில் ஒருத்தராவது யோசித்ததுண்டா?

ஒரு வெள்ளிக்கிழமை, காதில் பன்னிரண்டாம் எண் மாட்டியிருந்த பன்றிக்கு இதயக் குழாய்ச் சோதனை. மயக்கத்திலேயே முடித்துவிடுவார்கள், எழுந்து வராது. முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தீனி கிடையாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடும். 'தீனி போடாதே' அட்டையைக் கூண்டில் மாட்டியதே நான்தான்.

அன்று காலை வேலைக்கு வரும் வழியில் கோயிலில் அர்ச்சனை செய்தேன். ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டார். பன்றிக்கு என்று சொன்னால் என்ன நினைப்பார்? சாமி பேருக்கே செய்யச் சொல்லிவிட்டேன். வந்ததும் அர்ச்சனைத் தட்டு வாழைப்பழத்தைப் பன்னிரண்டின் வாயில் வைத்தேன். தோலோடு விழுங்கியது. சத்தியமாக, அது தீனி என்றே எனக்குத் தோன்றவில்லை. பிரசாதத்தை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்?

மருத்துவர் மயக்க ஊசியை எடுத்தபோதுதான் பகீரென்றது. பங்சாரிலிருந்து வரும் தமிழ்ப் பெண் அவர், என்னைவிடச் சின்னவர்.

"டாக்டர், சோரி. காலையில ஒரு பழம் கொடுத்துட்டேன். சாமி பழம்."

"சாமி பழம்னா வயித்துல போய் மறைஞ்சிடுமாக்கா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளுக்குள் சந்தோஷமும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? என் பன்னிரண்டு இன்றைக்குப் பிழைத்துக்கொண்டது.

அதற்குள் அவர் பக்கத்துக் கூண்டைக் காட்டினார். இப்படி ஏதாவது ஆகிவிட்டால் வேண்டுமே என்று எப்போதும் இன்னொன்றையும் சேர்த்தே பட்டினி போடுவோம். அதைக் கூட்டி வரச் சொன்னார்.

கூட்டிக்கொண்டு போனேன். பழ வாசனை போகாத என் விரல்களை மோந்து மோந்து, நம்பிக் கூடவே வந்தது. பாவி நான், அதற்கும் ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்று காலையில் எனக்குத் தோன்றவேயில்லை.