அதிரசம் பிரிந்த ஐப்பசி

தீபாவளி நேரத்தில் யாராவது அதிரசத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள், “என்ன டீச்சர், சுகரா?” என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டி வைக்கிறேன். சுகரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வருகிறது, அவ்வளவுதான்.

கே.கே. நகரில் நாங்கள் இருக்கும் தெருவில் தீபாவளிப் பலகாரத்தை வீட்டுக்கு வீடு சுடுவதில்லை. எதிர்வீட்டுக் கார் ஷெட்டில் பெரிய அடுப்பை வைத்து, எட்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரே சட்டியில் சுட்டுப் பங்கு போட்டுக்கொள்வார்கள். முறுக்கு ஒருநாள், அதிரசம் ஒருநாள். வெளியே ஐப்பசி மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே பலகாரத்தோடு சேர்ந்து தெருவில் உள்ள அத்தனை பேருடைய தலையும் உருளும். வராதவர்கள் பாடு அதோகதிதான்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். குடிவந்த முதல் இரண்டு தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் தட்டில் வந்தது. தட்டு வருகிற வீடு வேறு, சட்டியைச் சுற்றி உட்காருகிற வீடு வேறு. மூன்றாம் வருடம் எதிர்வீட்டுக்காரிதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். “இவளும் தட்டுவா, நல்லாத் தட்டுவா” என்று எல்லோரிடமும் சொல்லி, வாழை இலையையும் ஒரு கிண்ணம் எண்ணெயையும் என் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து அதிரசம் தட்டுவது என் வேலை. பிறந்த ஊரில்கூட எனக்கு அப்படி ஓர் இடம் இருந்ததில்லை. அதை நான் ரொம்பப் பெரிதாக நினைத்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. வாடி போடி பழக்கம். பள்ளி விட்டு வந்ததும் அவள் வீட்டு ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் வயர்க்கூடை பின்னுவோம். சீரியல் என்றால் அவளுக்கு உயிர். வில்லி வந்துவிட்டால் கை தானாகப் போகும், முடிச்சு தளரும், கூடை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். “உன் கூடைக்குப் பக்கவாதம்டி” என்பேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் அவள் வீட்டிலிருந்து வரும். மாமியாரிடம் சொல்ல முடியாததையெல்லாம் அவள் என்னிடம் கொண்டுவந்து கொட்டுவாள்.

அந்த மாமியார்தான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்காருகிறவர். கைதேர்ந்தவர். ஒரு குறையைக் கண்டுவிட்டால் அடுத்த தீபாவளி வரை சொல்லிக்காட்டுகிறவரும் அவர்தான்.

அதிரசத்துக்குப் பாகுதான் எல்லாம். கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் விரலில் உருட்ட வரவேண்டும். கரைந்துபோனால் பாகு இளசு. அந்த மாவு எண்ணெயில் நிற்காது. சுடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மாவைப் பாகில் கிளறி வைத்துவிட வேண்டும். நான் சொல்லவந்த அந்த வருடம் வியாழக்கிழமை சாயங்காலம் கிளறினோம். மாமியார் கோயிலுக்குப் போயிருந்ததால் பாகு இவள் பொறுப்பில் வந்தது. நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் சீரியல். விளம்பரம் வந்ததும் எழுந்து ஓடிவந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அது தண்ணீரில் கரைந்து அடியில் பரவியது. இரண்டு பேரும் பார்த்தோம்.

“இன்னும் ரெண்டு நிமிசம் விடுடி” என்றேன்.

ஹாலில் விளம்பரம் முடிந்துவிட்டது. “போதும்டி. ஆறுனா இறுகிரும். மாவைக் கொட்டு” என்றாள். கொட்டினேன். அந்த அளவுக்கு அதில் எனக்கும் பங்கு உண்டு.

மறுநாள் காலையில் அவளுக்குச் சமயநல்லூரிலிருந்து போன் வந்தது. கல்யாணமான புதிதில் அவளும் புருஷனும் அங்கேதான் வாடகைக்கு இருந்தார்கள். அந்த வீட்டுக்கார அம்மா இறந்துவிட்டார். இவளுடைய முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் அந்த அம்மாதான். என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள்.

“நான் கேதத்துக்குப் போனா நாளைக்குச் சட்டிப் பக்கம் போக முடியாதுடி. என் மாமியா ஆடித் தீத்துரும். நீ போய் ஒரு மாலையைப் போட்டுட்டு வந்துரேன். உங்க ஆளுகளுக்குத்தான் தீட்டு கீட்டு ஒண்ணும் கெடையாதுல்ல. நீ போனா நான் போன மாதிரி.”

அரைநாள் லீவு போட்டு, ஆரப்பாளையம் போய் பஸ் பிடித்துப் போனேன். முன்பின் தெரியாத வீடு. மாலையைப் போட்டேன். இறந்தவரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா வரலையா? எங்கம்மா கடைசி வரைக்கும் அவுகளக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு” என்றாள். அக்காவுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். யாரென்றே தெரியாத அந்த அம்மாவுக்காக உட்கார்ந்து அழவும் அழுதேன். திரும்பி வந்தபோது இவள் மாடியிலிருந்தே, “எதுக்கும் தலைக்கு ஊத்திக்கடி” என்று குரல் கொடுத்தாள். எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் அந்த மழைக்குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன், அவள் மனசு ஆறட்டும் என்று.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் ஷெட்டில் கூடினோம். நான் தட்டிக் கொடுத்த முதல் அதிரசத்தை மாமியார் எண்ணெயில் விட்டார். அது எழும்பி வரவில்லை. விரிந்தது, ஓட்டை விழுந்தது, நாலு துண்டாகப் பிரிந்து நுரைத்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தூளாகவே போய்விட்டது. எல்லோரும் சட்டியை எட்டிப் பார்த்தார்கள்.

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். “ஏத்தா, யாரும் கேதம் கீதம்னு போய்ட்டு வந்தீகளா? இருந்தா சொல்லிருங்க.”

நான் என் சிநேகிதியைப் பார்த்தேன். ‘பாகு கொஞ்சம் இளசு அத்தை’ என்று இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“டீச்சருதான் அத்தை, நேத்து சமயநல்லூர்ல ஒரு கேதத்துக்குப் போய்ட்டு வந்தா. தெரியாம வந்து உக்காந்துட்டா, பாவம்.”

ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். தெருவைச் சொல்லியிருந்தால் தேவலை. இவள் என்னைச் சொன்னாள். யாருக்காகப் போனேன், யார் அனுப்பினார்கள் என்பது அவள் வாயில் வரவே இல்லை. அந்தப் ‘பாவம்’தான் என்னை ரொம்பச் சுட்டது.

மாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். “அதுக்கென்னத்தா, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. சத்த தள்ளி அந்தப் படியில உக்காருங்க” என்றார். பக்கத்தில் இருந்தவள் என் முன்னால் கிடந்த இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். பாகு பதம் வரவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவளைப் பார்த்தேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் இந்த மாமியாரோடு வருடம் முழுக்கக் குடித்தனம் பண்ண வேண்டுமே என்று தோன்றியது. எழுந்து போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அடுப்பைச் சுற்றி உப்பைப் போட்டார்கள். அதோடு மாமியார் இரண்டு கை பச்சரிசி மாவையும் சேர்த்துப் பிசைந்தார். அடுத்த அதிரசம் உப்பி எழுந்து வந்தது. எல்லோரும் மஞ்சள் தண்ணீரை மெச்சினார்கள். அதற்கடுத்த வருடம் சட்டிக்கு வா என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. யாரும் சண்டை போடவில்லை, முகம் திருப்பவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே நடந்திருந்தது. ஒரு டப்பா நிறைய அதிரசத்தோடு அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

“கோவமாடி?”

“பாகு இளசுன்னு உனக்குத் தெரியாதா?” என்றேன்.

“தெரியும். அதை அத்தைக்கிட்டச் சொன்னா எனக்கு வருசம் பூரா அதே பேச்சு. உனக்கென்னடி, உங்க ஆளுகளுக்கு அது ஒரு விசயமே இல்ல. ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துருவாக.”

எனக்கு ஒன்றும் போகவில்லை என்று அவள் உண்மையாகவே நம்பினாள். நான் யாருக்காக அந்த ஊருக்குப் போனேன் என்று கேட்டேன். அவள் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

“அங்கனயே நான் பாகு விசயத்தைப் போட்டு ஒடைச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

அவள் சிரித்தாள். அதில் கள்ளம் எதுவும் இல்லை. தினமும் கூடை பின்னும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

“நீ சொல்ல மாட்டடி. எனக்குத் தெரியாதா உன்னைய?”

டப்பாவை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் கணக்கு தப்பவில்லை. இன்றுவரை எங்கள் தெருவில் ஒருத்தரிடமும் நான் சொல்லவில்லை. தெரியாதவர்கள் எனக்கு எத்தனையோ கெடுதல் செய்திருக்கிறார்கள், எல்லாம் ஆறிவிட்டது. என்னை நன்றாகத் தெரிந்தவள் செய்தது மட்டும் ஆறவில்லை.