பாலிக்கு ஒரு சீப்பு

இந்தோனேசியத் தீவுகளுக்குக் கிளம்பிய நாங்கள் காந்தி மார்க்கெட் வாழைப்பழக் கடையில் நிற்கிறோம். சாயங்காலம் மெட்ராஸ் ரயில், அங்கிருந்து விமானம்.

"அங்கயும் வாழை உண்டாமேம்மா?" என்கிறார் கடைக்காரர்.

உண்டுதான். ஆனால் ஜீயபுரத்துப் பூவன் கையில் இல்லாமல் என் கணவர் ஊர் எல்லையைக்கூடத் தாண்ட மாட்டார்.

கடைக்காரர் சீப்புகளை அமுக்கிப் பார்த்துப் பொறுக்குகிறார். ரயிலுக்குப் பழுத்தது ஒன்று. பிறகு ரெண்டு நாளில் பழுக்கும் அரைப்பழம் ஒன்று. கடைசியாக, அதற்கும் பிறகு பழுக்கும் கெட்டிக் காய்.

"அரைப்பழம் எந்தத் தீவுக்கு, காய் எந்தத் தீவுக்கு? சொல்லுங்க, தனித்தனியா கட்டித் தரேன்."

எனக்கு முதலில் பாலிக் கடற்கரை. கணவருக்கு ஜாவா எரிமலை. "மேப்ல ஜாவாதானே முன்னாடி வருது" என்று ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரு வாரமாக ஒரே சண்டை.

கணவர் குனிந்து அரைப்பழத்தைத் தொடுகிறார்.

"இது பாலிக்கு. காய் ஜாவாவுக்கு இருக்கட்டும்."

என்னை அவர் பார்க்கவே இல்லை. கடைக்காரர் வாழைச்சருகில் சுற்றத் தொடங்குகிறார்.

"காய்ல இன்னொரு சீப்பு சேர்த்துக் கட்டுங்கண்ணே," என்கிறேன். "எரிமலைகிட்ட ரெண்டு நாள் கூடத் தங்குவோம்."