சுண்ணாம்புக் குண்டான்

எங்கள் மெதடிஸ்ட் சபையின் வரலாற்றை எழுத என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் எழுத்து காரணமில்லை. போன கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு நான் எழுதிக் கொடுத்த சாமான் பட்டியலில் எதுவுமே விட்டுப்போகவில்லை, அதுதான் காரணம். "பட்ட, கிராம்பு வரைக்கும் எழுதுன பொண்ணு, சபைய விட்டுடுமா?" என்று ஆயர் கமிட்டியில் கேட்டாராம். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு மலர் போடுவது, அதில் வரலாறு பத்துப் பக்கம், கடைசியில் சபையாரின் பெயர்ப் பட்டியல் என்று முடிவானது.

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வரும் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து, கரைத்து, என்ன எவ்வளவு இருக்கிறது என்று எழுதுவது என் வேலை. பார்க்காததை எழுதக் கூடாது என்பது அங்கே பழகிய சட்டம். அதையே சபைக்கும் வைத்தேன். முதல் ஜெபக்கூட்டம் ஒரு கடலைக் களத்துக் கொட்டகையில் நடந்தது. அதற்குப் பழைய கடிதம் இருந்தது, எழுதினேன். பிறகு கீற்றுக் கோயில், அதன் பிறகு இப்போதுள்ள கல் கட்டடம். கோயில் மணி ரயில்வேயிலிருந்து வந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. "என்று சொல்வார்கள்" என்று சேர்த்தேன். வாசல்படிக் கல்லில் சிப்பி அச்சுகள் இருக்கின்றன. ஞாயிறு பள்ளியில் அதை நோவாவின் வெள்ளம் என்றார்கள், கல்லூரியில் இந்த வட்டாரமே ஒரு காலத்தில் கடல் என்றார்கள். நான் "சிப்பி அச்சுகள் உள்ளன" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தேன்.

பெயர்ப் பட்டியலுக்கு "ஞானஸ்நானம் பெற்றவர்கள்" என்று தலைப்பு, கீழே மூன்று கட்டங்கள்: எண், பெயர், ஆதாரம். ஆதாரம் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கம். திருத்தம் இருந்தால் பென்சிலால் எழுதுங்கள் என்று கோயில் கதவில் இரண்டு ஞாயிறு ஒட்டிவைத்தேன். படிப்பைப் பாதியில் விட்ட தன் தாத்தாவுக்கு ஒருவர் பி.ஏ. போட்டிருந்தார். ஓர் அண்ணன் தம்பி, ஒருவர் பெயரை ஒருவர் கீழே இறக்கி அம்புக்குறி வரைந்திருந்தார்கள். யாரோ ஒரு மருமகள், மாமியார் பெயருக்குப் பக்கத்தில், "இவர் பெயரை இவ்வளவு தெளிவாகப் போட வேண்டியதில்லை" என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது ஞாயிறு எல்லோரும் போன பிறகு, கோயிலைக் கூட்டிப் பெருக்கும் அத்தை பட்டியல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். விரலை வைத்து மூன்றாவது சுற்றுப் படித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, எங்கம்மா பேரு எந்தப் பக்கம் இருக்கு?"

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இல்லை.

"ஞானஸ்நானம் எடுத்தாங்களா அத்தை?"

"எங்கப்பா உடல. வாலிகண்டபுரத்துச் சாமிய கும்புடுற குடும்பம், பங்காளிவோ என்னா சொல்லுவாங்கன்னுட்டுச்சு. ஆனா ஒரு ஞாயித்துக்கெழம அம்மா வராம இருந்ததில்ல. உள்ள வராது. வாசப்படியிலயே ஒக்காந்து பாட்டு கேக்கும்."

கோயிலைப் பூட்டச் சாவியோடு நின்ற சபைச் செயலாளர் சார் தயங்கினார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், நல்ல மனிதர்.

"அவங்கள எனக்கே தெரியும்மா. ஆனா ஒருத்தருக்கு வளைஞ்சா நாளைக்கு ஒம்பது பேரு வந்து நிப்பாங்க. ஆதாரம் வேணும்னு சொன்னது நீதான?"

நான்தான். வியாழக்கிழமை அரியலூர் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"ஆதாரம்னா?" என்றார் அத்தை. "அது குடுத்த பிடி அரிசிய இந்தச் சபையே தின்னுருக்கு."

எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். ஞாயிறன்று அதைக் கோயிலில் கொட்டி, சேர்ந்ததைச் சமைத்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் சாப்பிட்டுவிட்ட அரிசி ஆதாரமாகாது.

"அரிசி கொட்டுற குண்டானே அம்மா குடுத்ததுதான். பித்தள. பேரு வெட்டிக் குடுத்துச்சு."

"எங்க இருக்கு அத்தை?"

கோயில் பின்புறக் குழாயடியைக் காட்டினார். அங்கே இருந்தது நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் சுண்ணாம்புக் குண்டான். பிடி அரிசி நெகிழிப் பைக்கு மாறிய பிறகு அதற்கு வேலையில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். அதனால் யாரோ ஒரு மார்கழியில் வெள்ளையடிக்க அதை எடுத்திருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதேதான். உள்ளும் புறமும் விரற்கடை கனத்துக்குச் சுண்ணாம்பு. அது பித்தளை என்பதே எனக்குத் தெரியாது.

சுண்ணாம்பைப் பெயர்க்க அத்தை ஒரு கல்லை எடுத்தார். "தட்டாதீங்க, எழுத்து நசுங்கிடும்," என்றேன். "லேப்ல கேட்டு ஆசிட் வாங்கியாரேன்."

"ஆசிட்டா? பித்தளைக்குப் புளி இருக்கயில? படிச்ச புள்ளைவொளுக்கு எல்லாத்துக்கும் பாட்டிலு வேணும்."

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேதியியல்தான். பழைய புளி இரண்டு கிலோவைக் கரைத்து, அண்டாவில் ஊற்றி, குண்டானைக் கவிழ்த்து முக்கினோம். சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பின. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அத்தை கரைசலை மாற்றினார். செயலாளர் சார் எட்டிப் பார்த்து, "ரசம் கொதிச்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தேன். சுண்ணாம்பு அடை அடையாகக் கழன்றது. அத்தை தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து வந்தது. அவர் விரல் வைத்துப் படித்தார். முதல் பெயரிலேயே விரல் நின்றுவிட்டது.

அது அவர் அம்மாவின் பெயர் இல்லை, அப்பாவின் பெயர். அதை அடுத்து அம்மாவின் பெயர். கடைசியில் "உபயம்".

எங்கள் கோயிலில் யாரும் உபயம் என்று எழுதுவதில்லை, காணிக்கை என்றுதான் எழுதுவோம். தன் சாமி கோயிலுக்குக் கொடுத்தால் எப்படி வெட்டுவாரோ, அப்படியே அந்த மனிதர் வெட்டச் சொல்லியிருக்கிறார்.

"எங்கப்பாவா?" என்றார் அத்தை. "இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காத மனுசன்." குண்டானைத் திருப்பி இன்னொரு தரம் படித்தார். "அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தம் பேரு மட்டுந்தான் வெட்டியிருக்குன்னு நெனச்சுகிட்டே செத்துச்சு." சிரித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது கன்னத்தில் சுண்ணாம்பு அப்பியது.

செயலாளர் சார் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "ஒருத்தரச் சேக்க ஆதாரம் கேட்டேன், இப்ப ரெண்டு பேரு வந்து நிக்கிறாங்களே," என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "தலைப்ப மாத்திடும்மா," என்றார்.

குழாயடியிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். "ஞானஸ்நானம் பெற்றவர்கள்" என்பதை அழித்துவிட்டு "சபையார்" என்று போட்டேன். இருவரையும் சேர்த்தேன். பட்டியல் அகரவரிசையில் அவர்களை அடுக்கியது, அப்பா முன்னால் போய்விட்டார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் அத்தை.

"அம்மாவ முன்னாடி போடு பாப்பா. அப்பா பொறத்தால வரட்டும். வாசப்படி வரைக்குமாச்சும் வந்துச்சா அது?"

அகரவரிசையை நான் மீறியது அந்த ஓர் இடத்தில்தான். அச்சான மலரில் எல்லோருக்கும் எதிரே பக்க எண் இருக்கிறது. அந்த இரண்டு பெயர்களுக்கு எதிரே, ஆதாரம் என்ற கட்டத்தில், "குண்டான்" என்று இருக்கிறது.