ஹட்டன் வரைக்கும் பேசியவை

லதா அக்காவின் செய்தி வந்தபோது நான் ஆய்வுகூடத்தில் மண் சலித்துக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை போனில் அழவில்லை. "அக்காவ மலையில குளவி கொட்டிருச்சுங்க. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே போயிட்டாங்க" என்றாள். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். இதை எழுதும்போதும் அதுதான் முன்னால் நிற்கிறது.

பல்கலைக்கழகத்தில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இழவு வீட்டில் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். ஆய்வு முடிகிற நேரத்தில் ஏன் விட்டுவிட்டுப் போனார்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒன்றாகத்தான் ஊருக்கு பஸ் ஏறுவோம். படிப்பை விட்டுவிடலாமா என்ற பேச்சு ஹட்டன் வரைக்கும்தான். அது அவர் போட்ட சட்டம். "அங்க பஸ் மாறுனா நம்ம தோட்டத்து ஆளுங்க ஏறிருவாங்க புள்ள. நாம விட்டுட்டோம்னா அடுத்து ஒரு பொம்பளப் புள்ளய அனுப்ப மாட்டாங்க" என்பார். அதனால் எல்லாவற்றையும் அதற்குள் கொட்டிவிடுவோம். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள். எழுதிய ஆங்கிலத்தைத் திரும்ப வாசித்தால் வெட்கமாக இருக்கிறது. பேராசிரியரிடமிருந்து மாதக்கணக்காகப் பதில் இல்லை. "சேர் என் அத்தியாயத்த வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள, நான் வளக்குற பூஞ்சணம் பேரப்புள்ள எடுத்துரும்" என்பார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்போம்.

ஹட்டனில் ஏறிய ஒருவர் ஒருமுறை கேட்டார். "இன்னுமா படிக்கிற? டாக்டரா வந்து ஊசி போடுவியா?"

"போடுவேன் மாமா, மண்ணுக்கு" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது.

கடைசியாக நாங்கள் சேர்ந்து போன பயணத்தில் அவர் நிறுத்தவில்லை. பஸ் மாறி உட்கார்ந்த பிறகும் பேசிக்கொண்டே வந்தார். "அம்மாவுக்கு வயசு முடியுது. வீட்ல யாரும் தோட்டத்துல பேர் பதியலைன்னா தோட்டத்து லயத்து வீட்ட விடச் சொல்றாங்க. தங்கச்சி ஸ்கூல் புள்ள. நான்தான் பேர் பதிஞ்சு, காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போயி நிக்கணும்."

"அக்கா, ஹட்டன் தாண்டிருச்சு" என்று காதோரம் சொன்னேன்.

"தாண்டட்டும்" என்றார். பிறகு, "எனக்குப் படிப்பு புடிக்காமப் போகல. யாரு கேட்டாலும் அத மட்டும் சொல்லிரு" என்றார். கேட்டவர்களுக்கு இப்போது சொல்லிவிட்டேன்.

குளவி கலைந்தால் ஓடக்கூடாது. இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு செடிக்கடியில் அசையாமல் குந்த வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இது யோசிக்காமலே வரும். அன்று லதா அக்காவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த பெண் சொன்னார்: "குந்து குந்துன்னு கத்துனோம். எந்திரிச்சு ஓடிருச்சு. மலைக்குப் புதுசுல்ல."

நானும் ஓடியிருப்பேன். அன்றிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மாவுக்கும் தோட்டத்துப் பதிவிலிருந்து பெயர் வெட்டும் வயது நெருங்குகிறது.

நான் இழவு வீட்டிலிருந்து திரும்பியபோது அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். ஹட்டனுக்கு இந்தப் பக்கம் ஒருபோதும் சொல்லாததைச் சொன்னேன். "படிப்ப விட்டுட்டு வந்துறலாமான்னு இருக்கும்மா."

அம்மா திரும்பவில்லை. "பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்குந்தான். மலைக்குப் போறப்ப எல்லாம்." ரொட்டியைப் புரட்டினார். "லயத்துக்கு என்ன செய்யிறதுன்னு ரெண்டு பேருமாப் பேசுவோம். நீயாப் போயி பெரட்டுல நின்னுறாத."

இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. பயமும் போகவில்லை. லதா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, பஸ்ஸில் அவர் குரலைத் தாழ்த்தாமல் சொன்ன "தாண்டட்டும்" என்ற அந்த ஒரு சொல். இனி ஹட்டனில் பஸ் மாறிய பிறகும் பேசுவேன். யார் ஏறினாலும் ஏறட்டும்.